மீட்டர் கத்தாத காலை

கிரேன் ஓட்டுகிறவனுக்குத் தலைக்கனம் அதிகம் என்று சைட்டில் ஒரு பேச்சு உண்டு. உட்காரும் இடம் உயரத்தில் இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய? உண்மையைச் சொன்னால், இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே மூளைக்கு வேலை இல்லாததுதான். சிக்னல்மேன் கை காட்டினால் தூக்க வேண்டும். காற்று கூடினால் கூண்டுக்குள் இருக்கும் காற்று மீட்டர் கத்தும், நிறுத்த வேண்டும். நடுவில் சிவனே என்று உட்கார்ந்திருக்கலாம்.

அன்று காலை ஏறிப் பார்த்தால் மீட்டர் செத்துக் கிடந்தது. விளக்கும் எரியவில்லை, முள்ளும் அசையவில்லை. வாக்கிடாக்கியில் இன்ஜினியரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“மதியம் ஆள் வந்து சரி பண்ணிருவாங்க. அதுவரைக்கும் நீங்களே பாத்து ஓட்டுங்க. உங்களுக்குத் தெரியாததா?”

ஐஸ் வைக்கிறாராம். நானும் சரி என்று வேலையை ஆரம்பித்துவிட்டேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

சிக்னல்மேன் வேறு யாருமில்லை, என் தங்கை புருஷன். எதற்கெடுத்தாலும் பறப்பான், சைட்டில் அவனுக்கு ‘அவசரம்’ என்றே பெயர். மேல்தளத்தின் ஓரத்தில் நின்று எனக்குக் கை காட்டுவான், வருகிற பலகையைப் பிடித்து இறக்குவதும் அவன்தான். கான்கிரீட் ஊற்றுவதற்கு நிறுத்துகிற பலகை, வீட்டுச் சுவர் அகலம் இருக்கும்.

வெயில் ஏறிய பிறகு ஒரு பலகை பாதி உயரம் வந்திருந்தது. அப்போது அது மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. கூண்டும் லேசாக ஆடியது. பழக்கதோஷத்தில் மீட்டரைப் பார்த்தேன். அது எங்கே பேசப் போகிறது? மாப்பிள்ளையைப் பார்த்தேன். “வா, வா” என்று கையைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

“மாப்ள, அங்க காத்து எப்படி இருக்கு?” என்று வாக்கிடாக்கியில் கேட்டேன்.

“என்ன மச்சான், என்னைக் கேக்குறீங்க? மீட்டர் உங்ககிட்டதான இருக்கு? அது கத்தல, நீங்க தூக்குறீங்க. நீங்க தூக்குறதாலதான நான் கை காட்டுறேன்.”

அவன் கை காட்டுகிறானே என்று நான் தூக்கிக்கொண்டிருக்கிறேன். நான் தூக்குகிறேனே என்று அவன் கை காட்டிக்கொண்டிருக்கிறான். காலையிலிருந்து இத்தனை பலகை மேலே போயிருக்கிறது, ‘தூக்கலாம்’ என்று எங்களில் ஒருவரும் முடிவு செய்யவே இல்லை.

இன்ஜினியர் லைனில் வந்தார். “ஏன் அந்தரத்துல நிக்குது?”

“காத்து வருது சார். ஏத்தட்டுமா, இறக்கட்டுமா?”

“இங்க கீழ ஒண்ணும் தெரியல. நீங்கதான் சொல்லணும்.”

நல்லா நழுவுகிறார். அப்படியே கொஞ்ச நேரம் தொங்கட்டும், பார்ப்போம் என்று நினைத்தேன். ஆனால் தொங்கவிடுவதும் நான்தானே? லீவரில் இருந்தது என் கை. பலகையை அவன் தலைக்கு மேல் கொண்டுபோகும்போது ஒரு காற்று அடித்தால் போதும். அவனுக்குப் பின்னால் வெறும் வெளி. எனக்குப் பயமாக இருந்தது. பலகையைவிட, யாரும் எனக்குப் பதில் சொல்லாததுதான் பயமாக இருந்தது.

“மாப்ள, தள்ளிப் போ. கீழயே இறக்கப் போறேன்.”

“வந்துருச்சு மச்சான், இன்னும் கொஞ்சம்தான்!”

“போடான்னா போ!”

இறக்கினேன். பலகை சமர்த்தாகத் தரையில் போய் உட்கார்ந்தது.

மதியம் ஆள் வந்து மீட்டரைச் சரி செய்தான். அடுத்த ஷிப்ட் ஆபரேட்டர் ஏறி, அதே பலகையை அதே தளத்துக்குத் தூக்கினார். ஒன்றுமே ஆகவில்லை. பாழாய்ப்போன பலகை ஆடக்கூட இல்லை. கம்பி கட்டுகிற பையன்கள், “என்னண்ணே, திடீர்னு உயரம்னா பயமா?” என்று சிரித்தார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே, ஒரே ஒரு காற்று அடிக்காதா என்று நினைத்துவிட்டேன். நான் செய்தது சரி என்று ஊருக்குத் தெரிய வேண்டுமாம். அங்கே நிற்பது என் தங்கை புருஷன் என்பது அப்புறம்தான் உறைத்தது. சீ, இதுவும் ஒரு மனசா!

வேலை முடிந்து மாப்பிள்ளை இறங்கி வந்தான். முகம் சரியில்லை.

“மீட்டர் ரிப்பேர்காரன் வந்துட்டுப் போனானாமே. எப்பலேருந்து வேலை செய்யல?”

“காலைலேருந்து.”

“அப்ப அதுக்கு முன்னாடி என் தலைக்கு மேல போனதெல்லாம்?”

‘இன்ஜினியர் ஓட்டச் சொன்னார்’ என்பது நாக்கு நுனியில் நின்றது. பொய்யும் இல்லை. ‘நீதானே கை காட்டினாய்’ என்பதும் தயாராக இருந்தது.

“நான்தான் தூக்கினேன்,” என்றேன். “யோசிக்காமத் தூக்கினேன்.”

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அடித்திருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் ஏறினேன். மீட்டரில் பச்சை விளக்கு எரிந்தது, முள் அடியில் கிடந்தது. முதல் பலகையைக் கொக்கியில் மாட்டிவிட்டார்கள். மேல்தளத்தைப் பார்த்தேன். அவசரம் கையைத் தூக்கவில்லை. இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு என் கூண்டையே பார்த்து நின்றான்.

வாக்கிடாக்கி கரகரத்தது.

“ஆபரேட்டர். தூக்கலாமா?”

மச்சான் என்று கூப்பிடவில்லை. மீட்டர் சும்மாதான் இருந்தது. ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினேன். பலகையைப் பார்த்தேன், அவன் நிற்கிற ஓரத்தைப் பார்த்தேன். அவன் காத்திருந்தான்.

“கொஞ்சம் உள்ள தள்ளி நில்லு,” என்றேன். அவன் தள்ளி நின்றான்.

“தூக்குறேன்.”

என் குரல் நடுங்கியது. அவனுக்கும் கேட்டிருக்கும்.