காய்கறித் தட்டில் மழை

மனித வரலாற்றிலேயே குளிர்சாதனப் பெட்டிக்குள் முதன்முதலாக மழை பெய்த பெருமை இந்தத் தெருவையே சேரும். கீழே காய்கறி வைக்கும் தட்டில் மட்டும், மாலை நான்கு மணிக்கு, மூன்று மில்லிமீட்டர். மேலே இருந்த முட்டைகள் மீது ஒரு சொட்டும் படவில்லை.

அந்தத் தட்டை நம்பித்தான் சில்வண்டு அக்காவின் பிழைப்பு. பல்லி, ஓணான் வளர்ப்பவர்களுக்குத் தீனியாக விற்கவென்று பின்னறையில் பெட்டி பெட்டியாகச் சில்வண்டு வளர்த்தாள். தண்ணீர் வைத்தால் அவை விழுந்து சாகும். கேரட்டிலும் முட்டைக்கோஸிலும் இருக்கும் ஈரமே அவற்றுக்குக் குடிநீர். ஆனால் இலை மேலே நனைந்திருந்தால் பூஞ்சை பிடிக்கும், பெட்டியே காலியாகும். அதனால் ஒவ்வொரு இலையையும் கழுவி, துடைத்து, பழைய துணியில் சுருட்டி வைப்பாள். மழை தொடங்கிய வாரத்தில் நானூறு செத்தன. மிஞ்சியது ஆறாயிரம். ஊர்வனப் பூங்கா கேட்டிருந்ததும் சரியாக ஆறாயிரம். வெள்ளிக்கிழமை வண்டி வரும். தவறினால் அந்தப் பக்கம் இனி தலைகாட்ட முடியாது.

பழுது பார்க்க வந்தவர் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். "மெஷின்ல குறை இல்லக்கா. வானிலைதான் சரியில்ல."

வானிலை என்றதும் அக்காவுக்குப் பொறி தட்டியது. அவள் கணவர் முப்பது வருடம் வானிலை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்ன மழை ஒன்றுகூட ஊரில் பெய்ததில்லை. தம் கணிப்புகளை வருங்காலச் சந்ததிக்காகத் தோலட்டை போட்ட குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். அக்கா புரட்டினாள். இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில் 'மாலை நான்கு, மூன்று மி.மீ.' என்றிருந்தது. அடுத்த நாள் ஐந்து, தட்டிலும் ஐந்து. பெய்யாமல் போன மழையெல்லாம் வரிசை பிசகாமல் வந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை அக்கா அன்றைய பக்கத்தை நீட்டியதும் அவர் எரிச்சலில் "அந்தக் கணிப்பு தப்பாப் போச்சு, இப்ப என்ன?" என்றார். அன்று மட்டும் தட்டு நனையவில்லை.

வியாழக்கிழமைக்கு உரிய பக்கத்தில் பெரும்புயல் இருந்தது. பள்ளிகளை மூடி, படகுகளைக் கரையேற்றிக் காத்திருந்தும் ஓர் இலைகூட அசையாத புயல். அவருக்குப் பதக்கம் கிடைத்தது அதற்குத்தான்.

"என்னங்க, அதையும் தப்புன்னு சொல்லிடுங்க."

"புயல் திசை மாறிடுச்சு. விஞ்ஞானத்துல அதுக்குப் பேரு தப்பில்ல."

"மாறி இப்ப நம்ம ஃபிரிட்ஜுக்கு வருது."

"ஒரு முட்டைக்கோஸ்கிட்ட நான் மன்னிப்பு கேக்கணுமா?"

"ஊர்கிட்டதான் கேக்கல. இதுகிட்டயாவது கேளுங்க."

அக்கா முக்காலியை இழுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் முன் போட்டு உட்கார்ந்தாள். அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கவும் எழவில்லை. வியாழன் மூன்றரைக்குப் பெட்டி கிடுகிடுவென ஆடியது. உள்ளே கேரட்டுகள் மோதும் சத்தம் தெருவரை கேட்டது. அவர் கோட்டு மாட்டி, பதக்கம் குத்திக்கொண்டு வந்தார். முழங்கால் மடக்கிக் குனிந்தார். "அந்தப் புயல்... தப்பு." ஆட்டம் நின்றது. மறுநாள் வண்டி ஆறாயிரத்தையும் உயிரோடு ஏற்றிச் சென்றது.

அதிலிருந்து தினமும் காலையில் ஒரு பக்கம் வாபஸ். 'தப்பு' என்பதற்குப் பதில் 'திருத்தம்' என்று சொல்லும் நாட்களில் லேசாகத் தூறும். அக்கா முறைத்ததும் மாற்றிச் சொல்வார். நல்ல வெயில் என்று சொல்லி ஊரை நனையவிட்ட நாட்களின் பக்கம் வந்தபோது அவளே தடுத்துவிட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்ங்க."

அந்த நாட்களில் தட்டுக்குள் பளிச்சென்று வெயில் அடிக்கிறது. கழுவிய இலை பத்து நிமிடத்தில் உலர்கிறது. மழைக்காலத்தில் அவருடைய ஜட்டிகளும் அங்கேதான் காய்கின்றன.