வட்ட முனைச் சன்னம்

நவம்பர் எட்டு, சனிக்கிழமை, காலை ஏழு இருபது. முயல் துள்ளி விழுந்தது. அதே கணத்தில் கல்லில் ஏதோ பட்ட ஓசை கேட்டது.

ரஜிதன் துப்பாக்கியுடன் முழங்காலில் இருந்தபடி காத்திருந்தான். வேறு ஓசை இல்லை. கல்லறைத் தோட்டத்தின் கதவு எட்டு மணிக்குத்தான் திறக்கும். அதுவரை உள்ளே இருக்க அவனுக்கு மட்டும் அனுமதி. முயல்கள் கல்லுக்கு அடியில் தோண்டுகின்றன, வைத்த பூவை அன்றே தின்றுவிடுகின்றன என்று டோர்ட்மண்ட் முழுக்கப் புகார். வேட்டை உரிமம் எடுத்தவர்களில் விடியற்காலையில் எழும்ப ஒப்புக்கொண்டவன் அவன்.

பின்னால் மண்மேடு இருந்தால் மட்டுமே சுடுவான். இன்றும் இருந்தது. துப்பாக்கிச் சன்னம் முயலைத் துளைத்து, எலும்பில் பட்டு, பக்கவாட்டில் போயிருக்கிறது.

மூன்றாவது வரிசையில் கண்டுபிடித்தான். கறுப்புக் கல். மேலே தமிழில் மரியதாஸ். கீழே ஜேர்மன் எழுத்தில் அதே பெயர். தமிழ்ப் பெயரின் நடுவில் சில்லு பெயர்ந்து ஓர் எழுத்து பாதியாகியிருந்தது. ஓரத்தில் ஈயத்தின் சாம்பல் நிறம். கட்டைவிரலால் துடைத்தான். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தான். போனது.

ஜசிந்தா அக்காவின் கணவர். அவருடைய சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ரஜிதனும் ஒருவன்.

முயலைப் பையில் போட்டுக்கொண்டு, கதவு திறக்குமுன் வெளியேறினான்.

விருந்துகளுக்குச் சமைக்கும் டக்ளஸ் அண்ணை முயலை உரித்துப் பார்த்துச் சிரித்தார்.

"இதெல்லோ முயல். போன மாதம் கொண்டு வந்தது முயலோ சம்பலோ எண்டு விளங்கேல்லை. தொடை முழுக்க ரத்தம்."

"அது துளை முனைச் சன்னம், அண்ணை. உள்ளுக்கை போய் விரியும்."

"இது?"

"வட்ட முனை. விரியாது. நேரை போயிடும்."

"அப்ப இதையே போடு. முயலுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை."

ரஜிதன் தேநீரைக் குடிக்காமல் எழுந்தான்.

செவ்வாய் மாலை அவன் மனைவி வேணுஜா கைபேசியை நீட்டினாள். ஜசிந்தா அக்கா அனுப்பிய படம். பெரிதாக்கிப் பார்க்கத் தேவையில்லை.

"அக்கா அழுறா. ஜேர்மன் எழுத்திலை ஒரு கீறலும் இல்லையாம். தமிழிலை மட்டும் கொத்தியிருக்கிறாங்களாம்."

"ஆராம்?"

"ஆரெண்டு தெரியும்? எங்களைப் பிடிக்காதவங்கள். வாற திங்கள் பொலிசுக்குப் போக டெர்மின் எடுத்திருக்கிறா. பூட்டை மாத்திப் போட்டா. வாசல் பெல்லிலை இருந்த பேரையும் கழட்டிப் போட்டா."

அவன் சமையலறைக்குப் போனான். தண்ணீர்க் குழாயைத் திறந்தான். மூடினான். திரும்பி வந்தான். மறுபடி போனான்.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை."

"அப்ப இருங்கோவன். குட்டியைத் தொலைச்ச பூனை மாதிரி நடக்கிறியள்."

புதன்கிழமை வேலை முடிந்ததும் துப்பாக்கிக் கடைக்குப் போனான். கடைக்காரி பெட்ரா மூன்று பெட்டிகளை மேசையில் வைத்தார்.

"முயலுக்குத்தானே? எங்கே?"

"கல்லறைத் தோட்டத்தில்."

வட்ட முனைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்படியென்றால் இது வேண்டாம். முயலைத் தாண்டியும் இது வேலை பார்க்கும்."

இரண்டாவது பெட்டியைத் தொட்டார். "இது இன்னும் மெல்லியது. படுகிற இடத்திலேயே தூளாகிவிடும். ஆனால் வேகம் அதிகம், சத்தமும் அதிகம். பக்கத்து வீடுகளில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். இதற்கு வேறு துப்பாக்கியும் வேண்டும்."

"மூன்றாவது?"

"துளை முனை. ஒலியைவிட மெதுவாகப் போகும். விரிந்து உள்ளேயே நின்றுவிடும், பெரும்பாலும்."

"பெரும்பாலுமா?"

"உறுதி வேண்டுமென்றால் பொறி வையுங்கள்." அவனைப் பார்த்தார். "ஏதாவது நடந்ததா?"

"இல்லை."

துளை முனையை எடுத்துக்கொண்டு நேரே சூட்டுப் பயிற்சித் தளத்துக்குப் போனான். பழைய நாளிதழ்களை வாளியில் ஊறவைத்துக் கட்டாக அடுக்கினான். மிச்சமிருந்த வட்ட முனையில் பத்துச் சுட்டான். பத்தும் கட்டைத் துளைத்து மறுபக்கம் போயின. துளை முனையில் பத்துச் சுட்டான். ஒன்பது உள்ளே நின்றன. காளான் போல விரிந்திருந்தன. ஒன்று போய்விட்டது. இன்னும் பத்து. எல்லாம் நின்றன. இன்னும் பத்து. ஒன்று போனது. பெட்டி தீரும்வரை சுட்டான். ஈரத்தாளைக் கிழித்துக் கிழித்துப் பார்த்தான்.

சொன்னால் அனுமதி போகும். பிறகு உரிமத்தைப் பற்றிக் கடிதம் வரும். சன்னம் எங்கே போகும் என்று தெரியாதவனிடம் துவக்கு இருக்கலாமா என்று கேட்பார்கள். சரியான கேள்விதான். சொல்லாவிட்டால் எதுவும் போகாது. பெல்லில் பெயர் இல்லாமல் ஒரு வீடு இருக்கும்.

வியாழனும் வெள்ளியும் அவன் தூங்கவில்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்குக் கதவடியில் நின்றான். ஜசிந்தா அக்கா கார்னேசன் பூக்களுடன் வந்து, கதவு திறந்திருந்தும் உள்ளே போகாமல் நின்றார்.

"நல்ல வேளை தம்பி, நீ நிக்கிறாய். தனியப் போகப் பயமாக் கிடக்கு. துவக்கு எங்கை?"

"கொண்டு வரேல்லை, அக்கா."

"கொண்டு வந்திருக்கலாம். முயலை விட்டிட்டு அவங்களிலை ரெண்டு பேருக்கு வைச்சிருக்கலாம்." சிரித்தார். உடனே நிறுத்தினார். பின்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நேற்று மேல்வீட்டு ஜேர்மன்காரன் எனக்காக லிஃப்ட் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன். பதினாறு வருசமாத் தெரிஞ்ச மனிசன். நான் படியாலை இறங்கிப் போட்டன். ஆரை நம்புறது, சொல்லு?"

நடந்தார்கள். மூன்றாவது வரிசை. தமிழ்ப் பெயரின் மேல் பொதி கட்டும் நாடா ஒட்டியிருந்தது, மண்ணிறத்தில், மூன்று சுற்று. ஜேர்மன் பெயர் மட்டும் தெரிந்தது.

"நான்தான் ஒட்டினது. அவங்கடை கண்ணிலை படாமல் கிடக்கட்டும்."

ரஜிதன் நாடாவைப் பார்த்தான்.

"அக்கா, ஒருத்தரும் கொத்தேல்லை. அது என்ரை சன்னம். முயலைச் சுட்டனான், அது துளைச்சுக்கொண்டு வந்து இதிலை பட்டிட்டுது. அடையாளம் தெரியாமல் துடைச்சதும் நான்தான். திங்கள் பொலிசுக்கு நானும் வாறன். நானே சொல்லுறன்."

அவர் பூக்களைக் கீழே வைக்கவில்லை. ஒரு கையில் பிடித்தபடி குனிந்து, மறு கையால் நாடாவின் விளிம்பைத் தேடினார். நகம் பிடிக்கவில்லை. அவன் உதவக் குனிந்தான். கையை நீட்டித் தடுத்தார். மறுபடி தேடினார். பிறகு நிமிராமலே கேட்டார்.

"அப்ப, இவ்வளவு நாளா நான் ஆருக்குப் பயந்தனான்?"