நன்றியுரையில் வந்த தூதரகம்

கல்லூரித் தலைவர் கேலன் ஸ்ட்ரோதர்ஸ் மைக்கைப் பிடித்தால் முதலில் கொடையாளர்களுக்கு நன்றி சொல்வார். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் எந்தக் கல்லூரித் தலைவரும் அப்படித்தான். நன்றி சொல்லாமல் கழிப்பறைக் கதவைக்கூடத் திறந்துவைக்க மாட்டார்கள். அன்றும் வரிசையாகச் சொன்னார். மாட்டுப் பண்ணையாளர் சங்கம், விதைக் கம்பெனி, உள்ளூர் வங்கி. அதே மூச்சில், "எப்பவும்போல இந்த வருஷமும் கைகொடுத்த நம்ம சீனத் தூதரக நண்பர்களுக்கும்" என்றார்.

முதல் வரிசை மேசையில் இருந்த சட்டமன்ற உறுப்பினர் ஆர்டிஸ் க்வாமி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

போன வருஷம் மாநிலச் சட்டமன்றத்தில் அவள் கொண்டுவந்த சட்டம் சின்னது. வெளிநாட்டு அரசிடம் பணம் வாங்கும் கல்லூரிக்கு மாநிலத்தின் கட்டட நிதி கிடையாது. அது நிறைவேறிய கையோடு, கல்லூரிக்குள் சீன அரசு நடத்திய மொழி நிலையத்தை மூடிவிட்டதாக ஸ்ட்ரோதர்ஸ் அறிவித்தார். அதே அறையில் இப்போது 'ஆசிய மொழிகள் மையம்' என்று புதுப் பலகை. அதற்குத்தான் இந்த விருந்து. மறுநாள் நிதிக்குழுவில் கல்லூரியின் கால்நடை மருத்துவமனைக்குப் பணம் ஒதுக்கும் ஓட்டெடுப்பு. குழுவுக்குத் தலைவி அவள். மருத்துவமனை வரப்போவதும் அவள் தொகுதியில்தான்.

தாழ்வாரத்தில் அவரை மடக்கினாள்.

"பழக்கதோஷம் மேடம். வாய் தவறிடுச்சு."

"வாய் தவறல. பணம் வந்துச்சா இல்லையா?"

ஸ்ட்ரோதர்ஸ் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். "கல்லூரிக்கு வரல. கல்லூரியோட அறக்கட்டளைக்கு வந்துச்சு. அது தனி அமைப்பு. உங்க சட்டத்துல கல்லூரின்னுதான் இருக்கு."

"பாக்கெட் எத்தனை வேணா வெச்சுக்கோங்க. பேன்ட் ஒண்ணுதானே?"

"சீனம் சொல்லிக்குடுக்கிறதுல என்ன தப்பு?"

"ஒரு தப்பும் இல்ல. நல்லாச் சொல்லிக்குடுங்க. டீச்சர் சம்பளத்தை நீங்க குடுங்க. யாரை வெக்கணும், எதைப் பேசக்கூடாதுன்னு வேற நாட்டு அரசாங்கம் சொல்லக்கூடாது. அவ்வளவுதான்."

வாகன நிறுத்தத்தில் டுவேன் காத்திருந்தான். அவளுடைய இறந்துபோன கணவனின் தம்பி. மாடு வளர்ப்பவன். சேதி அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது.

"கன்னு போட முடியாம பசு கெடந்து துடிக்கும்போது நான் சீனாக்காரனைத் தேடமாட்டேன், ஆர்டிஸ். டாக்டரைத் தேடுவேன்."

"தெரியும்."

"சட்டப்படி அவன் தப்பு பண்ணலயாமே. உனக்கு ஏன் இந்த வீம்பு?"

"சட்டத்துல நான் ஓட்டை விட்டுட்டேன். அதுக்காக ஓட்டையும் அவனுக்கே போடணுமா?"

"அடுத்த தேர்தல்ல என் ஓட்டு உனக்குக் கெடையாது."

"சரி. வேற யாருக்குப் போடப்போற? எதிர்த்து நிக்கிறவன் பசுவைப் படத்துலதான் பாத்திருக்கான்."

டுவேனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள். மறுநாள் காலை குழு கூடியதும் தானே தீர்மானத்தைப் படித்தாள். அறக்கட்டளை வழியாக வந்தாலும் வெளிநாட்டு அரசின் பணம் வெளிநாட்டு அரசின் பணம்தான். அது திரும்பப் போகும்வரை மருத்துவமனைக்கு ஒதுக்கீடு இல்லை.

பார்வையாளர் வரிசையிலிருந்து ஸ்ட்ரோதர்ஸ் எழுந்தார். "திருப்பிக் குடுத்துடறோம் மேடம். இன்னிக்கே ஒதுக்கீட்டை நிறைவேத்திடுங்க. வசந்தம் வந்ததும் அஸ்திவாரம் போடணும்."

"மொதல்ல திருப்பிக் குடுங்க. அப்புறம் வாங்க. எங்க பணம் எங்கேயும் ஓடிப்போகாது."

"ஒரு பருவம் வீணாப்போகுமே?"

"போகும்."

ஓட்டெடுப்பு நடந்தது. உறுப்பினர்கள் பாதிப் பாதியாகப் பிரிந்தார்கள். தலைவி கடைசியில் ஓட்டுப் போடுவது வழக்கம். அறையின் கோடியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு டுவேன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தபடியே, "தீர்மானத்துக்கு ஆதரவு" என்றாள்.

அவன் எழுந்து போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு மதியச் சாப்பாடு அவன் வீட்டில்தான். இந்த ஞாயிறும் அவள் போவதாகத்தான் இருந்தாள்.