லெவிக்காரியின் கூச்சல்

முப்பது வருடமாக என் மனைவி ரொலாந்த் என் எதிரிக்குத்தான் கூச்சல் போட்டாள். எதிரி வேறு யாருமில்லை, அவளுடைய அண்ணன் கொன்ராட். குளிர்காலக் கார்னிவல் திருவிழா நடக்கும் நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பனிப்படகுப் பந்தயம் வரும். கெபெக் துறையிலிருந்து ஆற்றைக் கடந்து, எதிர்க்கரை ஊரான லெவியைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நான் கெபெக்காரன், கொன்ராட் லெவிக்காரன். ஊரே துறைமேடையில் கூடி, சிவப்புக் குழல்களை ஊதித் தொண்டை கிழியக் கத்தும். அத்தனை இரைச்சலையும் மீறி ஒரு குரல் வரும். "கொன்ராட்! தள்ளு, கொன்ராட்!" அது நான் கட்டிக்கொண்டவளின் குரல்.

வீட்டில் அவள் என் பேரைச் சொல்லாத நாளில்லை. ரொசேர், குப்பையை வெளியே வை. ரொசேர், பூட்ஸைக் கழற்று. ரொசேர், திரும்பிப் படு, குறட்டை தாங்கவில்லை. துறைமேடைக்கு வந்தால் மட்டும் அந்தப் பேர் அவளுக்கு மறந்துபோகும். என் படகில் முன்துடுப்பு போடும் மரியுஸ் ரொட்டிக்கடை வைத்திருக்கிறான். ரொட்டியைவிட அதிகமாக அவன் விற்றது இந்தக் கதையைத்தான். "ஏன்டா, உனக்கும் அவளுக்கும் சர்ச்சுலதானே கல்யாணம் நடந்துச்சு? பாதிரியார் பேரை மாத்திப் படிச்சிட்டாரா?" என்று கடையில் எல்லார் முன்னாலும் கேட்பான். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் கேட்பார்கள்.

இந்த வருடம் எனக்குக் கடைசிப் பந்தயம். ஐம்பத்தெட்டு வயது. நகராட்சிக்குப் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறேன். வலது முட்டியைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், வண்டி ஓட்டலாம், படகு தள்ளுவதை மறந்துவிடு என்று சொல்லிவிட்டார். கோப்பை வாங்கும் ஆசையெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது. போவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த மேடையிலிருந்து அவள் வாயால் என் பேரைக் கேட்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அன்று காலையில் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன். நான் ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன், அவள் என் இடுப்பில் கார்னிவல் கச்சையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அம்பு அம்பாகப் பின்னிய சிவப்புக் கச்சை. அதை என்னைக் கட்ட விடமாட்டாள்.

"இன்னைக்கு ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கத்தேன், ரொலாந்த். காசா பணமா?"

"கஞ்சி ஆறுது. குடி."

"உங்கண்ணன் ஏழு கோப்பை வாங்கிட்டான். அவனுக்கு எதுக்கு உன் தொண்டை?"

"ரொசேர், மீசையைத் துடை. பாகு ஒட்டியிருக்கு."

"பேச்சை மாத்தாதே. இதோட முடிஞ்சுது, அடுத்த வருஷம் நான் கரையிலதான் நிப்பேன். அதுக்காகவாவது..."

அவள் முடிச்சை இறுக்கினாள். அவிழ்த்து மறுபடியும் இறுக்கினாள். பிறகு கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகும்போது, முதுகைக் காட்டியபடி, "பாக்கலாம்" என்றாள். முப்பது வருடத்தில் அந்த வார்த்தை வந்தது அன்றுதான். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாத குறையாகத் துறைக்கு எடுத்துப் போனேன்.

குளிர் பூஜ்யத்துக்கு இருபத்திரண்டு டிகிரி கீழே. வற்றம் தொடங்கி, ஆறு கடல்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. பனிப்பாளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இறங்கின. கொன்ராட் மீசையெல்லாம் உறைந்துபோய் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாப்ள, முட்டிக்கு எண்ணெய் போட்டியா? நீ நடக்குற சத்தம் லெவிக்குக் கேக்குது."

"உன் மீசையை வழிச்சுட்டு வா மச்சான். படகுல ரெண்டு கிலோ குறையும்."

போகும்போது நன்றாகவே போனோம். பாளம் வந்தால் ஒரு முட்டியைப் படகில் ஊன்றி, ஆணி வைத்த பூட்ஸால் மற்றக் காலை உதைத்துத் தள்ளுவோம். தண்ணீர் வந்தால் உள்ளே தாவித் துடுப்பு போடுவோம். பனிக்கூழ் வந்தால்தான் சனியன். அது நிற்கவும் விடாது, நீந்தவும் விடாது. லெவியைத் தொட்டுவிட்டுத் திரும்பினோம். பாதி ஆற்றில், ஒரு நீளமான பாளத்தின்மேல், என் படகும் கொன்ராட் படகும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஓடின. எங்களுக்கு முன்னால் ஒரு படகும் இல்லை. வேண்டுமானால் மரியுஸைக் கேளுங்கள், அவன் இதையும் கடையில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான்.

கரையிலிருந்து குரல் வந்தது. "கொன்ராட்! கொன்ராட்!"

 "பாக்கலாம்" என்றாளே, இதைத்தானா?

கொன்ராட் என் பக்கம் திரும்பினான். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "கேக்குதா மாப்ள? யாரு பேரு..." என்றான். அவ்வளவுதான், ஆளைக் காணோம். பாளத்தின் விளிம்பு என்று அவன் மிதித்தது வெறும் பனிக்கூழ், மேலே வெள்ளையாகப் பனித்தூவல் மூடியிருந்தது. ஆற்றைக் கரைத்துக் குடித்தவன் அவன். காலடியைப் பார்க்காமல் என் முகம் வாடுவதைப் பார்க்க ஆசைப்பட்டான்.

அவன் படகு அவனை விட்டுவிட்டு மறுபக்கம் தண்ணீரில் சறுக்கி விழுந்து, நாலு பேரோடு நீரோட்டத்தில் போய்விட்டது. எனக்கு முன்னால் துறைவரை கறுப்பாகத் திறந்த தண்ணீர். ஒரு நொடி அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பிறகு "நிறுத்து!" என்று கத்தினேன்.

நான் பாளத்தில் குப்புறப் படுத்தேன், மரியுஸ் என் கால்களைப் பிடித்துக்கொண்டான். மிதவைச் சட்டை கொன்ராடை மேலே நிறுத்தியிருந்தது, ஆனால் இரண்டு பாளங்கள் அவனை நோக்கி நெருங்கிக்கொண்டிருந்தன. கை எட்டிய இடத்தில் அவன் இடுப்புக் கச்சைதான் அகப்பட்டது. அதைப் பிடித்து இழுத்தேன். பெரிய மீனைப்போல ஏறி வந்து விழுந்தான். அவனைப் படகில் போட்டு, எங்கள் கோட்டுகளைச் சுற்றி, துடுப்பை எடுத்தோம். அதற்குள் மற்றப் படகுகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"அவ கத்தினதுலதான் விழுந்தே. நல்லா வேணும்" என்றேன். கோபம் அப்போதும் தீரவில்லை.

அவன் பல் கிட்டிக்கொண்டே சிரித்தான். "அதுக்குத்தானேடா கத்துறா."

"என்ன உளர்றே?"

"எங்கப்பா கொக்குத் தீவுக்குத் தபால் கொண்டுபோனவரு, தெரியும்ல? இந்த மாதிரிப் படகுல, இந்த மாதிரிப் பனியில. அவர் போறப்ப அம்மா கரையில நின்னு கூடப் போறவன் எல்லார் பேரையும் கூப்பிடும். அப்பா பேரை மட்டும் கூப்பிடாது. எவன் இல்லாம உன்னால இருக்க முடியாதோ, அவன் பேரை ஆத்துக்குச் சொல்லாதேன்னு சொல்லும். ஆறு கேட்டு வச்சுக்கும்."

என் துடுப்பு நின்றுவிட்டது.

"முப்பது வருஷமா என் பேரைக் கத்துறா பாரு, கூடப் பொறந்தவ! நான் போனா பரவால்லையாம்! இதுல நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறே. தூக்க வேண்டியவன் நான்டா!"

"ஏன் மச்சான் இத்தனை வருஷமா சொல்லலே?"

"சொன்னா பலிக்காதுன்னு என் வாயையும் கட்டிட்டா. இன்னைக்குத்தான் ஆறு என்னைக் கடிச்சுப் பாத்துட்டு ருசியில்லேன்னு துப்பிடுச்சே. இனிமே என்ன?"

எனக்கு அழுகை வந்தது. இமையிலேயே உறைந்தது. முப்பது வருடம் அவள் சொல்லாத பேரை நினைத்துப் பார்த்தேன். அடுத்த கணம் காலையில் அவள் சொன்ன "பாக்கலாம்" நினைவுக்கு வர, பதறி மேடையைத் தேடினேன்.

துறைக்கு இன்னும் இருநூறு அடி இருந்தது. அதிலும் பாதியை இதற்குள் பனிக்கூழ் வந்து அடைத்திருந்தது. மேடையின் விளிம்பில் ரொலாந்தின் நீலத் தொப்பி தெரிந்தது. அவள் கூச்சலை நிறுத்தியிருந்தாள். எங்கள் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல இரண்டு கைகளையும் தூக்கி வாயருகே குவித்தாள்.

நான் படகில் எழுந்து நின்றுவிட்டேன். "கத்தாதே! ரொலாந்த்! வாயை மூடு!"

மேடை முழுக்க "ஊ" என்று என்னைத் திட்டிக் குழல் ஊதியது. "பொண்டாட்டிகிட்ட பேசுற லட்சணத்தைப் பாரு" என்றான் மரியுஸ். "உக்காருடா, கவிழ்த்துடாதே."

அவள் கைகள் அப்படியே நின்றன. என்னைப் பார்த்தாள், என் கோட்டுக்குள் சுருண்டு கிடந்த அண்ணனைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அவன் சொல்லிவிட்டான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கைகளை இறக்கி உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

இருபத்தொரு படகில் பத்தொன்பதாவதாக வந்தோம். கொன்ராடைத் தூக்கிப் போனார்கள். போர்வைக்குள்ளிருந்து அவன் காரிபு மது ஒரு குவளை, சூடாக, என்று கேட்டுக்கொண்டே போனான். நான் கடைசியாக ஏறினேன். ரொலாந்த் இரண்டடி தள்ளி நின்றாள், கிட்டே வரவில்லை. என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. குனிந்து என் கால்களைத்தான் பார்த்தாள். இடது காலை மேடையில் வைத்தேன். காத்திருந்தாள். முட்டி மடங்க மாட்டேன் என்றது. பல்லைக் கடித்து வலது காலையும் தூக்கி வைத்தேன்.

அப்புறம்தான் வாயைத் திறந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் நின்றவனை, எதிர்க்கரையில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோல, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"ரொசேர்!"