மலைப்பாதை விலை

மலைக்கு அந்தப் பக்கம் மொத்தச் சந்தை, இந்தப் பக்கம் அவளுடைய காய்கறிக் கடை. நடுவில் இரண்டு வழி. மலையில் ஏறி இறங்கினால் விடிவதற்குள் லோடு வந்துவிடும், டீசலும் கொஞ்சம்தான். சுற்றி வந்தால் பாதி நாள் போய்விடும், வெங்காயத்தின் விலையில் கால் பங்கு ஏறிவிடும்.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே மறுக்கமாட்டாள். மறுநாள் விலையை முதல்நாள் சாயங்காலமே சொல்லி ஆர்டர் பிடிப்பது அந்தக் கடைவீதியின் வழக்கம். சொன்ன விலையை மாற்றினால் எதிர்க்கடைக்காரன் வாடிக்கையை அள்ளிக்கொண்டு போய்விடுவான். நேற்று அவன் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே மலைப்பாதை விலையைச் சொல்லிவைத்தாள். மழையில் மலைப்பாதை சரிகிறது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. எதிராளியைப் பார்த்த ஜோரில் மறந்துபோனாள், அவ்வளவுதான்.

மினி லாரியைக் கிளப்பிக்கொண்டிருந்த புருஷனுக்கும் அந்த விலை கேட்டது. எந்த வழியில் வருவீங்க என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. வீட்டில் இருவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அவள்தான்.

இப்போது விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. மழை விட்டபாடில்லை. கடை முன்னால் பைகளோடு ஆட்கள் நிற்கிறார்கள். எத்தனை முறை அடித்தும் அவனுடைய போனுக்கு லைன் கிடைக்கவில்லை. துடைத்த தராசையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"மேல ஒரு வண்டி உருண்டுடுச்சாம்," என்றார் வெங்காயத்துக்காகக் காத்து நின்ற ஹோட்டல்காரர், யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்காமல்.

"என்ன வண்டிண்ணே?"

"தெரியல தங்கச்சி. லோடு வண்டின்னாங்க."

அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். தன் நாக்கைத் தானே பிடுங்கிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

போன் அடித்தது. அவன்தான். போன உயிர் திரும்பி வந்தது.

"எங்க இருக்கீங்க?"

"மலையிலதான். முன்னால ஒரு வண்டி கவுந்து கெடக்கு. ஓரமாப் போகச் சொல்றாங்க. மண்ணு விழுந்துட்டேதான் இருக்கு."

"வேண்டாங்க. திருப்பிடுங்க. சுத்தியே வாங்க."

"நீ சொன்ன வெல?"

"வெல கெடக்குது கழுதை. ஏத்தித்தான் விப்பேன்னு இங்க எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன். யாரும் வாங்கலேன்னா அழுகிப் போகட்டும். நீங்க வந்தாப் போதும்."

பைகளோடு நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்க்கடைக்காரன்கூடத் தலையை நீட்டினான். கேட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது.



"இதை நேத்தே சொல்லியிருக்கலாம்ல," என்றான் அவன். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. "இப்பத் திருப்ப எடமில்லம்மா. பின்னாலயும் சரிஞ்சுடுச்சு. முன்னாலதான் போயாகணும். வெச்சுடறேன், ரெண்டு கையும் வேணும்."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

"அப்போ மலை வழியாத்தான் வர்றாரு," என்று இழுத்தார், பக்கத்தில் நின்று போன் குரலைக் கேட்டுவிட்ட ஹோட்டல்காரர். "வெல அதேதானே தங்கச்சி?"