ஓட்டை விழுந்த அட்டை

டெக்சஸ் என்ற பெயர் லொரீனைப் பயமுறுத்தவில்லை. அவளைப் பயமுறுத்தியது ஒரு காத்திருப்போர் பட்டியல்.

மகள் ஷெல்பிக்குப் பதினொரு வயது. நடக்கமாட்டாள், பேசமாட்டாள், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வலிப்பு வரும். ஆனால் அப்பன் குரலைக் கேட்டால் போதும், வீடே அதிரச் சிரிப்பாள். பகலில் அவளைக் கவனித்துக்கொள்ள ஓபல் என்ற பெண் வருகிறாள். சம்பளம் கொடுப்பது ஒஹாயோ மாநில அரசு. அந்த உதவிக்கு எழுதிப் போட்டு ஆறு வருடம் காத்திருந்தார்கள். மாநில எல்லையைத் தாண்டினால் அது அத்தோடு சரி. போகிற இடத்தில் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். எத்தனை வருடம் என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

மார்ச் மாதம் காகித ஆலையை மூடியதிலிருந்து அவள் கணவன் டுவேன் சும்மா இருக்கிறான். இந்த ஊரில் வேலை என்ற பேச்சே கிடையாது. டெக்சஸில் இருக்கும் அவன் தம்பி ரஸ் ஒரு லாரி கம்பெனியில் சொல்லி வைத்தான். போன வாரம் நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்தான் டுவேன். வேலை உண்டு, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று வியாழன், காலை மணி பத்தாகப் போகிறது. சமையலறை மேஜையில் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து ‘இங்கே’, ‘அங்கே’ என்று இரண்டு பேரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“கரண்ட் பில்லு எழுதினியா? அங்க வருஷத்துல எட்டு மாசம் ஏசி ஓடணும்.”

“எழுதிட்டேன். மாநில வருமான வரி கிடையாதுல்ல, அதுல இது சரியாப் போயிடும்.”

“ஓபல எங்க எழுதின?”

டுவேன் பேனாவை மூடினான். “ஏதாவது பண்ணிக்கலாம், லொரீன். நான் ராத்திரி வண்டி எடுத்துக்கிறேன். பகல்ல நான் பாத்துக்கிறேன்.”

“ராத்திரி முழுக்க லாரி ஓட்டிட்டு வந்து பகல்ல பிள்ளைக்கு வலிப்புப் பாப்பியா? அப்புறம் எப்பய்யா தூங்குவ? கிறிஸ்துமஸ் லீவுலயா?”

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து மணிக்கு உதவி அலுவலகத்திலிருந்து வருடாந்திர விசாரணைக்குப் போன் வரும். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லாருடைய ஓட்டுநர் உரிமத்தையும் கையில் வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் அவனுடைய பர்ஸை எடுத்துத் திறந்தாள்.

பழைய ஒஹாயோ உரிமத்தில், இனிச் செல்லாது என்பதற்கு அடையாளமாக, ஓட்டை போட்டிருந்தது. அதன் பின்னால் நாலாக மடித்த ஒரு காகிதம். டெக்சஸ் தற்காலிக உரிமம், ரஸ் வீட்டு விலாசம்.

“இது என்ன டுவேன்?”

“உள்ளூர் லைசென்ஸ் இருந்தாத்தான் வண்டியத் தொட விடுவாங்களாம். அதான் போன கையோட மாத்திட்டேன். வெறும் அட்டைதானே?”

“வெறும் அட்டையா? நான் டெக்சஸ்லதான் குடியிருக்கேன்னு அங்க கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்க! பிள்ளைய நெனச்சுப் பாத்தியா?”

அவன் முகம் அப்போதுதான் வெளுத்தது. நல்ல மனுஷன்தான், ஆனால் ஒரு காரியத்தைச் செய்து முடித்த பிறகு யோசிக்கிற ஜாதி.

போன் அடித்தது. லொரீன் எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

“வணக்கம்மா. வருஷா வருஷம் கேக்கிறதுதான், பதற வேண்டாம்.” இளம் பெண் குரல், அன்பாகத்தான் இருந்தது. “அதே விலாசம்தானே?”

“அதே விலாசம்தாங்க.”

“வீட்டுல இப்ப எத்தனை பேரு இருக்கீங்க?”

டுவேன் மூன்று விரலைக் காட்டினான். மூன்று என்றால் அடுத்த நிமிடம் அவனுடைய உரிம எண்ணைக் கேட்பாள். எண்ணைத் தட்டினால் டெக்சஸ் வந்து நிற்கும். அப்புறம் குடும்பமே ஊரைக் காலி செய்துவிட்டதா என்று தோண்டுவார்கள், ஷெல்பியின் இடம் கைநழுவிப் போகும்.

“ரெண்டு பேர்,” என்றாள் லொரீன்.

“உங்க வீட்டுக்காரரு?”

“டெக்சஸ்ல வேலை கெடச்சிருச்சு. அங்கயே போயிட்டாரு. நானும் பொண்ணும் இங்கதான் இருக்கோம்.”

“சரிம்மா, குறிச்சுக்கிட்டேன். வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு ஓபல் தினமும் எழுதி அனுப்புற தாள்லயும் அதையே பதியச் சொல்லிடுறேன்.”

போன் அணைந்தது. டுவேனின் மூன்று விரலும் இன்னும் மடங்கவில்லை.

“நான் எப்பப் போனேன்?” என்றான்.

“போன வாரம். லைசென்ஸ்ல தேதி இருக்கு.”

அவன் கோடு போட்டு எழுதிய தாளை எடுத்தான். ‘அங்கே’ பக்கத்தில் வாடகை மூன்று பேருக்கு என்று எழுதியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வேலைக்குப் போகட்டும், பணம் அனுப்பட்டும் என்று லொரீன் தனக்குள் சொல்லிக்கொண்டாள். தனி வீட்டில், வலிப்பு வரும் இரவுகளில், இனிக் கூப்பிட ஆள் இருக்கப்போவதில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. தினமும் ஓபலுக்குக் கதவைத் திறந்துவிட்டு, “மகாராணி வந்தாச்சு!” என்று டுவேன் கத்துவான், உள்ளறையில் ஷெல்பி சிரிக்கத் தொடங்குவாள். இன்றும் பழக்கத்தில் எழுந்து நாலு எட்டு வைத்துவிட்டான்.

லொரீன் ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினாள். இன்னொரு கையால் பின்வாசலைக் காட்டினாள்.