பூட்ஸ் மாட்டுகிறவள்

உஷா பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட்டு, அடுத்த குழந்தையின் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டாள். பனிச்சறுக்கு பூட்ஸுக்கு இரண்டு கொக்கிகள். பாட்டு அலறுகிற அந்தக் கூடத்தில் கொக்கி விழுகிற சத்தம் கேட்காது; கட்டைவிரலால் தடவித்தான் பூட்டிவிட்டதா என்று தெரிந்துகொள்வார்கள். உஷாவின் விரல்களில் உணர்ச்சி செத்துப்போய்ச் சில வாரங்கள் ஆகின்றன. அதனால் ஒவ்வொரு கொக்கியையும் குனிந்து கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

அல்சூர் பக்கம் ஒரு மாலின் மேல்மாடியில் இருந்தது அந்தப் பனிக்கூடம். குட்டிச் சரிவு, சுவரில் வரைந்த இமயமலை. மணாலிக்குப் போக வசதியில்லாத குடும்பங்கள் வந்து ஒரு மணி நேரம் சறுக்கிவிட்டுப் போய்விடும். உஷாவுக்கு நாள் முழுக்க அதே பனிதான். கொடுத்திருந்த கையுறை மதியத்துக்குள் ஊறிப்போகும்.

வெளியே ஜாக்கெட் கவுன்டருக்கு மாற்றச் சொல்லி சூப்பர்வைசர் ஆண்ட்ரூவிடம் கேட்டிருந்தாள்.

"கை சரியில்லன்னு மேல சொன்னா கவுன்டர் குடுக்க மாட்டாங்கக்கா, வீட்டுக்குத்தான் அனுப்புவாங்க. கம்முனு இருங்க. ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வாயை மூடிக்கொண்டாள். கணவன் உத்தமனின் லோடு ஆட்டோவுக்குச் சரக்கு கிடைத்தால் வருமானம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மர்பி டவுன் வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

வருஷத்துக்கு ஒரு தடவை ஊழியர் குடும்பத்துக்கு இலவச பாஸ் உண்டு. இன்று அவள் முறை. உத்தமன் ஜாக்கெட் வரிசையில் மாட்டிக்கொள்ள, மகள் கிருத்திகா மட்டும் முதலில் உள்ளே ஓடி வந்தாள்.

"அம்மா, எனக்கு மாட்டு! சீக்கிரம்மா!"

மூக்கு நுனி சிவந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தது பிள்ளை. உஷாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கொக்கியைப் பார்த்தவள், தன் பிள்ளைக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டே பூட்டினாள்.

பாதிச் சரிவில் ஒரு பூட்ஸ் கழன்று பறந்தது. கிருத்திகா குப்புற விழுந்து உருண்டாள். உதடு கிழிந்து பனியில் ரத்தம் சொட்டியது.

அப்போதுதான் உள்ளே நுழைந்த உத்தமன் பாய்ந்து போய் அவளைத் தூக்கினான். குடோனிலும் சிக்னலிலும் கண்டவனிடமெல்லாம் வசவு வாங்குகிற மனிதன். பிள்ளையின் ரத்தத்தைக் கண்டதும், அங்கே கேட்ட அதே பேச்சு அவன் வாயிலிருந்து வந்தது.

"எவன்யா இத மாட்டுனது? சம்பளம் வாங்கறல்ல, வேல ஒழுங்கா செய்யத் தெரியாது? மொதல்ல அவன வேலய விட்டுத் தூக்கு!"

"அண்ணே, கத்தாதீங்கண்ணே. சொன்னா கேளுங்க," என்று ஆண்ட்ரூ அவன் கையைப் பிடித்தான்.

"நான் ஏன் கேக்கணும்? கூப்புடுய்யா உங்க மேனேஜர!"

நாலு பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஆண்ட்ரூவின் வாக்கி-டாக்கியில் மேனேஜர் குரல் கரகரத்தது. "கேமரால பாத்தேன். கஸ்டமர் கரெக்டாதான் கேக்கறார். மாட்டினவங்க ஐடி கார்ட வாங்கிட்டு வெளிய அனுப்பு, இப்பவே."

உஷா அதற்குள் வழுக்கி வழுக்கி வந்து சேர்ந்திருந்தாள். "நாந்தாங்க மாட்டுனேன்," என்றாள்.

உத்தமனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் செத்துப்போயிற்று. "சார்... சின்ன அடிதான் சார். நான் கம்ப்ளெயின்டே பண்ணல. அவ என் சம்சாரம் சார்."

ஆண்ட்ரூ தலை குனிந்துகொண்டான். உஷா கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள்.

"இன்னொரு கால் வலிக்குதும்மா, கழட்டு," என்று கிருத்திகா அழுதாள். உஷா மண்டியிட்டுக் காலைத் தன் தொடைமேல் எடுத்து வைத்தாள்.

"தொடாதீங்கக்கா," என்றான் ஆண்ட்ரூ மெதுவாக. "மேல பாத்துட்டிருக்காங்க. வேற ஸ்டாஃப் வந்து கழட்டுவாங்க."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். உத்தமன் குனிந்து கொக்கியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்தான். அவனுக்குத் திறக்கத் தெரியவில்லை.

"மேல தூக்குங்க," என்றாள் உஷா, இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு. "இழுக்காதீங்க. மேல தூக்குங்க."